தீட்டாத அரிசி கழுவிய தண்ணீர்

தோக்கியோ, அடாச்சி
ஏப்ரல் 12, 2020

தங்கை மகள் மினோரிக்கு மாமா கிசாபுரோ எழுதுவது.

செர்ரிப் பூவெல்லாம் கொட்டி முடிந்தது. இந்த வருஷம் கீழே உட்கார்ந்து பார்க்க ஆளில்லை என்று அதற்கும் கோபம் போல, இரண்டே நாளில் கொட்டிவிட்டது. நீகாட்டாவில் குளிர் விட்டதா? ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். இன்னும் சரியாகச் சொன்னால், இந்தக் குடியிருப்பிலேயே என் அளவுக்கு நலமான கிழவன் கிடையாது.

நீ அனுப்பிய தீட்டாத அரிசி வந்து சேர்ந்தது. பத்துக் கிலோ மூட்டையைச் சுமந்து இரண்டு மாடி ஏறிய தபால்காரர் வாசலில் நாய் போல மூச்சிரைத்தார். "பெரியவரே, உள்ள கொண்டாந்து வெச்சிரட்டுமா?" என்று கேட்டார். நான் இரண்டு விரலில் வாங்கிக்கொண்டேன். மனிதர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நாற்பது வருஷம் வீடு மாற்றும் கம்பெனியில் பியானோ தூக்கிய கை அல்லவா.

அன்றைக்கே சமைத்தேன். கழுவக் கழுவத் தண்ணீர் பால் போல வெள்ளையாக வந்தது. இருபது நிமிஷத்தில் பூவாக வெந்தது. அரண்மனையில்கூட இந்த ருசி கிடைக்காது. நீ சொன்னபடி ஒரே ஒரு கிண்ணம்தான்.

முற்றத்தில் காலை ஆறரைக்கு ரேடியோவில் வரும் பியானோவுக்கு நாங்கள் கூட்டமாகச் செய்யும் தேகப்பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். பூங்கா ஊஞ்சலைக்கூடக் கயிறு சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஊஞ்சல் யார் மேல் தும்மியது என்று தெரியவில்லை. பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே செய்கிறேன். கடைசியில் வரும் குதிக்கிற பாகத்தில் என் தலை விட்டத்தில் இடிக்கிறது.

எல்லோருக்கும் இதைச் சாப்பிடு அதைச் சாப்பிடு என்று எழுதிக் கொடுக்கிறவள் நீ. நீ என்ன சாப்பிடுகிறாய்?

காற்று மாறும் காலம், காதை மூடிக்கொண்டு நட.

கிசாபுரோ


நீகாட்டா
ஏப்ரல் 20

அன்புள்ள மாமா,

இங்கே மலையில் இன்னும் பனி இருக்கிறது. நான் நலம். உங்கள் முழங்கால், முதுகு, தூக்கம் எல்லாம் எப்படி?

ஒரு சந்தேகம். தீட்டாத அரிசியில் மேல் தவிடு அப்படியே இருக்கும். அதை எத்தனை தரம் கழுவினாலும் தண்ணீர் பால் போல வராது. தீட்டிய வெள்ளை அரிசியில்தான் வரும். இரவெல்லாம் ஊறவைக்காமல் இருபது நிமிஷத்தில் வேகவும் வேகாது. நீங்கள் சாப்பிட்டது எந்த அரிசி?

மார்ச்சில் டாக்டர் முன்னால் பேசியதை மறந்திருக்க மாட்டீர்கள். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. ஜூலைப் பரிசோதனையில் அது ஏழரைக்குக் கீழே வராவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே என் பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு வருவதாகத் தலையாட்டினீர்கள். அங்கே ஓர் அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மிரட்டுவதற்காகச் செய்யவில்லை. அம்மா போன பிறகு எனக்கென்று இருக்கிற பெரியவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வீட்டில் ஃபோனும் இல்லை, கைபேசியும் இல்லை. இருநூறு மைலுக்கு அப்பால் நின்றுகொண்டு கடிதம் எழுதுவதைத் தவிர என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் உங்கள் கீழ்வீட்டு செகினே-சானுக்கு ஃபோன் செய்தேன். காலையில் நீங்கள் குதிக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மினோரி


அடாச்சி
ஏப்ரல் 27

மினோரிக்கு,

மாமா நலம். தோல்தான் கொஞ்சம் தடித்திருக்கிறது, உளவு வைத்தாலும் கோபம் வராத அளவுக்கு.

அரிசி விஷயம் சொல்கிறேன் கேள். உன் படிப்பு சரிதான், ஆனால் உன் புத்தகம் எழுதினவன் என் கையைப் பார்த்ததில்லை. நான் அழுத்திக் கழுவினால் தவிடு தானாகக் கழன்றுவிடும். மில்லில் செய்கிற வேலையைப் பாத்திரத்திலேயே செய்துவிட்டேன். அதனால்தான் வெள்ளை.

உன் உளவாளி நேற்று மாடிப்படியில் முகக்கவசத்தோடு நின்றுகொண்டு மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"கிசாபுரோ-சான், காலைல குதிக்கிறீங்கன்னு உங்க மருமக சொல்லுது. எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே?"

"நான் பூனை மாதிரி எறங்குவேன். தொழில் அப்படி. அடுத்தவங்க வீட்டுத் தரையில கீறல் விழாம நடந்த காலு."

"பூனைக்கு எதுக்கு எண்பது கிலோ?"

இந்தப் பெண்பிள்ளையின் வாய்க்கு ஒரு முகக்கவசம் போதாது. சரி, நாளையிலிருந்து கேட்கும்படியாகவே குதிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதியோர் இல்லப் பேச்சை மட்டும் கடிதத்தில் எழுதாதே. எத்தனை கிழவர் கிழவிகளை அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன் தெரியுமா? மூன்று அறைச் சாமான் இரண்டு பெட்டியாகச் சுருங்கிவிடும். லாரியில் முன்சீட்டில் உட்கார வைத்தால் வழி முழுக்க வாயே திறக்க மாட்டார்கள். ரேடியோ போட்டாலும் வேண்டாம் என்பார்கள். அந்தச் சீட்டில் நான் உட்கார மாட்டேன்.

என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேனே, பதிலைக் காணோம்.

கிசாபுரோ


நீகாட்டா
மே 8

அன்புள்ள மாமா,

துலிப் வயல்களில் பூவையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள், கூட்டம் சேரக்கூடாதாம். நீங்கள் நலம்தானே?

செகினே-சான் சொன்னார். தினமும் ஆறரை தாண்டியதும் 'தொம், தொம்' என்று கேட்கிறதாம், டீக்கோப்பை அதிர்கிறதாம். புகார் போலத்தான் சொன்னார். எனக்கு இந்த மாதத்தில் கிடைத்த ஒரே நல்ல சேதி அதுதான்.

ஆனால் மாமா, உங்கள் போன கடிதத்தின் மூலையில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. மோந்து பார்த்தேன். ரயில் நிலையத் தெருக் கடையின் கொரொக்கே வாசனை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் எனக்கு அதை வாங்கிக் கொடுத்தவரே நீங்கள்தானே. உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் மிதக்க விட்டதை நீங்கள் தொடவே கூடாது என்று எத்தனை தடவை எழுதுவது? அலுத்துப்போகிறது மாமா. இங்கே நாளெல்லாம் நோயாளிகளிடம் இதையே சொல்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டு மகன் கொண்டுவரும் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கிறார்கள்.

தோஃபு, கீரை, கடல்பாசி. கிண்ணத்தில் பாதி சோறு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மினோரி


அடாச்சி
மே 15

மினோரிக்கு,

வெயில் ஏறிவிட்டது. நீ நலமாக இருக்க வேண்டும். கோபப்பட்டால் வயிறு கெடும், ஆகவே இதைப் பொறுமையாகப் படி.

அந்தக் கறை கொரொக்கே இல்லை. முட்டிக்குத் தேய்க்கிற கமேலியா எண்ணெய். ராஜ பரம்பரையினர் தலைக்குத் தேய்ப்பதை நான் காலுக்குத் தேய்க்கிறேன். மோந்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும்.

வீட்டுக்குள் கிடப்பது எப்படி என்று கேட்கவே மாட்டேன் என்கிறாயே. சுவரைப் பார்த்தால் சுவரும் என்னையே பார்க்கிறது. தோஃபு தின்று தின்று பல்லுக்கே வேலை மறந்துவிட்டது. டிவியில் ஒரு வாலிபன் சோபாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொல்கிறான், பல்லைக் காட்டிக்கொண்டே. ஒரு நாள் செருப்பை எடுத்து அவன் மேல் போட்டேன். அதுவும் கைக்குப் பயிற்சிதான், எழுதி வைத்துக்கொள்.

சாமான் வாங்கப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குகிறேன். பியானோவையே ஜன்னல் வழியாக இறக்கினவனுக்குக் கூடை ஒரு பொருட்டா? கடைக்காரர் சைக்கிளில் வந்து வைத்து அனுப்புவார், நான் இழுத்துக்கொள்வேன். எல்லாம் கீரைதான், சந்தேகப்படாதே.

உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி உணவுச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறாய், எழுத்தெல்லாம் சாய்ந்து கிடக்கிறது. நின்றுகொண்டே எழுதினாயா? இது மூன்றாவது தடவை கேட்கிறேன், என்ன சாப்பிட்டாய்?

கிசாபுரோ


நீகாட்டா
ஜூன் 3

மாமா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே இரண்டு பேர் லீவில் போய்விட்டார்கள். நான் நலம்.

முட்டிக்கு எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த முட்டி? எப்போதிலிருந்து? முட்டி வலிக்கிறவர் தினமும் கீழ்வீட்டுக் கோப்பை அதிரக் குதிப்பது எப்படி? கடைத்தெரு ஐந்து நிமிஷ நடை, அதற்கு எதற்குக் கூடையும் கயிறும்?

நேரில் வந்து பார்த்துவிடலாம் என்று விடுப்புக் கேட்டேன். தோக்கியோ போய்வந்தால் இரண்டு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்கிறார்கள். அந்த இரண்டு வாரம் என் நோயாளிகளுக்கு யார் சமையல் சொல்வது? ஆகவே வர முடியாது. ஆகவே நீங்கள் எழுதுவதை நம்ப வேண்டும். நீங்கள் எழுதுவதையோ நம்ப முடியவில்லை. நான் என்னதான் செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

உண்மையை மட்டும் எழுதுங்கள்.

மினோரி


அடாச்சி
ஜூன் 10

மினோரிக்கு,

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, துணி எதுவும் காய்வதில்லை. நலமாக இரு.

உண்மையை எழுதச் சொன்னாய். இதோ. ஒரு தடவை கவாகுச்சியில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கிராண்ட் பியானோ. கூட வந்த மூன்று பேரும் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு போனேன், பின்னாலேயே அந்த வீட்டு அம்மாள் அதில் ஒரு பாட்டு வாசிக்க வாசிக்க ஏறினேன். அப்படிப்பட்ட முட்டி இது. அதற்கு ஒன்றும் ஆகாது.

என் எரிச்சல் வேறு. கடைக்காரருக்குப் புத்தி கலங்கிவிட்டது. கூடையில் நான் சீட்டு எழுதி அனுப்புவது ஒன்று, மேலே வருவது வேறு. ஒரு நாள் வேகவைத்த பர்டாக் வேர், வெறும் நார். ஒரு நாள் வெறும் முள்ளங்கி. நேற்று கொன்யாக்கு, அந்தக் கிழங்குக் கட்டியைத் தின்பதும் சைக்கிள் டியூபைத் தின்பதும் ஒன்றுதான். பால்கனியில் நின்று கத்தினேன். "நீங்க கேட்டதத்தானே தாத்தா போட்டேன்" என்று அவர் சத்தியம் செய்கிறார். வழியில் காகம் வந்து மாற்றி வைக்கிறதா?

அரசாங்கம் இரண்டு முகக்கவசம் அனுப்பியது. ஒன்றில் தோஃபு வடிகட்டினேன், நன்றாக வடிகிறது.

கிசாபுரோ


அடாச்சி
ஜூன் 24

மினோரி-சானுக்கு, முதல் மாடி செகினே எழுதுவது.

உங்கள் உடல்நலம் விசாரிக்கிறேன். ஹைட்ரேஞ்சா பூத்திருக்கிறது, அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை. ஃபோனில் சொன்னால் கோபத்தில் பாதியை விட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு 'தொம்' என்று ஒன்றுதான் கேட்டது. பிறகு மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. செவ்வாய் காலை அந்தச் சத்தமும் இல்லை. இரண்டு மாதமாக என் டீயில் மேலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது, தினமும் திட்டிக்கொண்டேதான் குடிக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சுண்ணாம்பு விழவில்லை, டீயும் இறங்கவில்லை. மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.

"தெறந்துதான் இருக்கு. தள்ளாதீங்க, அரிசி இருக்கு" என்று குரல் வந்தது.

கதவுக்குப் பின்னால் தரையெல்லாம் அரிசி. நடுவில் உங்கள் மாமா ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கிழிந்த மூட்டை. அதைச் சுற்றிப் பழைய கம்பளி, கயிறு, பிளாஸ்திரி மேல் பிளாஸ்திரி. நீங்கள் ஏப்ரலில் அனுப்பிய தீட்டாத அரிசி அது, ஒரு மணிகூடச் சமைக்கவில்லை.

"என்ன இது, கிசாபுரோ-சான்?"

"குதிக்கிறேன்."

"உக்காந்துகிட்டா?"

"இது குதிக்கும். நான் தூக்கிவிடுவேன்."

நெஞ்சு வரைக்கும் தூக்கிப் போடுவாராம், ரேடியோவில் வரும் பியானோ தாளத்துக்குச் சரியாக. முதலில் இரண்டு தரம் தூக்கினாலே மூச்சு வாங்கியதாம். பிறகு பாட்டு முடிகிற வரைக்கும் தூக்க முடிந்ததாம். அதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

வலது முட்டி முலாம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது. மார்ச் கடைசியில் படியில் விழுந்தாராம். அதிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை. அதற்குத்தான் கூடை. "மினோரிகிட்ட சொல்லிராதீங்க, லாரி அனுப்பிருவா" என்றார். நான் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடை என் பால்கனியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். மே முதல் வாரத்தில் எட்டிப் பார்த்தேன், கொரொக்கே ஆறு. அன்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டு நான் சமைத்ததை வைத்து அனுப்பினேன். கொரொக்கேயை நான்தான் தின்றேன். எனக்கு எடை கூடிவிட்டது. இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

செகினே


நீகாட்டா
ஜூன் 29

மாமா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரியும்.

செகினே-சான் கடிதத்தைத் துணி அடுக்குகிற அறையில் வைத்துப் படித்தேன். சத்தமாக ஏதோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். மூன்று மாதம். வீங்கின முட்டியோடு மூன்று மாதம். அரிசி ருசியாக இருந்ததென்று எழுதினீர்கள். மில் வேலையைப் பாத்திரத்தில் செய்தேன் என்று எழுதினீர்கள். நானும் பதில் எழுதிக்கொண்டிருந்தேன், குதித்த மூட்டைக்கு.

விழுந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் லாரியா அனுப்பியிருப்பேன்? அனுப்பியிருப்பேன்தான். அதை நினைத்தால் உங்கள் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கப் நூடுல்ஸ். ஏப்ரலிலிருந்து அதே அறையில், நின்றுகொண்டு. ஊருக்கெல்லாம் கீரை எழுதிக் கொடுக்கிற கையால் அதற்கு வெந்நீர் ஊற்றுகிறேன். நடப்பது கிடையாது. அதை உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது. இருவரும் ஒரே ரகம்தான்.

ஆனாலும் பேச்சு பேச்சுதான். பரிசோதனைக்குப் போங்கள். முட்டியைக் காட்டுங்கள். செகினே-சான் டாக்ஸி சொல்லுவார். ஏழரைக்கு மேலே இருந்தால் அறை தயாராக இருக்கிறது.

மினோரி


அடாச்சி
ஜூலை 26

மினோரிக்கு,

இன்னும் மழை விடவில்லை. நீ நலமா? உட்கார்ந்து சாப்பிட்டாயா? இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுது.

போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன், குழந்தை மாதிரி. செகினே-சான் பின்னால் என் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், திட்டிக்கொண்டே.

கணக்கு ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் சீட்டைக் கண்ணாடி கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க?" என்றார்.

"அரிசி, டாக்டர்."

"தீட்டாத அரிசியா?"

"அதேதான்."

"ரொம்ப நல்லது. விடாம தொடருங்க."

பொய் சொன்னேன் என்று எழுதாதே. அவர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

முட்டி விஷயம் அப்படி முடியவில்லை. ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். எலும்பு தேய்ந்திருக்கிறது, இனி இரண்டு மாடி ஏறி இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த லாரி முன்சீட்டு ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. டாக்ஸி வந்து ஏறிய பிறகுதான் செகினே-சான் சொன்னாள். "எங்க வீட்டுக்குக் கீழ தரைத்தளம் காலியாத்தான் கிடக்கு. குடியிருப்பு ஆபீஸ்ல கேட்டுப் பாப்போமா?"

கேட்டோம். கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் ஊரார் வீட்டையெல்லாம் மாற்றினவன் முதல் முறையாக என் வீட்டை மாற்றினேன். என் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கட்டளை போட்டேன். பீரோவைத் தலைகீழாகத் தூக்கினார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இரண்டு பெட்டியாகச் சுருங்கவில்லை, எல்லாச் சாமானும் இறங்கியது. நீ சொல்லி வைத்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

ஒரு குறைதான். தரைத்தளத்துக்குக் கீழே மண். நான் மூட்டையைத் தூக்கிப் போட்டால் கேட்க ஆளில்லை. அதைச் செகினே-சானிடம் சொன்னேன். அவள் மாடி ஏறிப் போய்விட்டாள். இன்று காலை ஆறரைக்கு ரேடியோவில் பியானோ ஆரம்பித்தது. குதிக்கிற பாகம் வந்ததும் மேலே 'தொம்' என்றது. என் டீயில் சுண்ணாம்பு விழுந்தது. நல்ல கனமான தொம். கொரொக்கே தின்ற கனம். எனக்கு அதெல்லாம் எப்போதோ தெரியும். காகத்துக்குப் பர்டாக் வேர் வேகவைக்கத் தெரியாது.

முட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். உன் வயிற்றை நீ பார்த்துக்கொள்.

கிசாபுரோ

பி.கு.: பொறுக்கின அரிசியை நேற்று இரவெல்லாம் ஊறவைத்துச் சமைத்தேன். கழுவின தண்ணீர் வெள்ளையாக வரவில்லை. ருசி சுமார்தான்.